"ரேஸ் என்ன போடட்டும் சார்?"

கொஞ்சம் நீளமான பதிவு. டீ போட்டுட்டு வந்து உட்காருங்க. ஒரு மெஷினில் இருக்கும் ஒரே ஒரு பட்டனின் இருநூறு வருடக் கதை இது.

எங்கள் ஆஸ்பத்திரிக்கு ஸ்பைரோமீட்டர் மெஷின் புதிதாக வந்து இறங்கிய நேரம். ஸ்பைரோமீட்டர் என்றால் வேறொன்றும் இல்லை. மூச்சை முழுசாக உள்ளே இழுத்து, ஒரு குழாயில் முடிந்தமட்டும் வேகமாக ஊத வேண்டும். எவ்வளவு காற்று வெளியே வந்தது, எவ்வளவு வேகத்தில் வந்தது என்று அளந்து சொல்லும்.

அறுபதை நெருங்கும் ஒரு ஐயா வந்திருந்தார். கல் குவாரியிலும் கிரஷரிலும் முப்பது வருஷ வேலை. "நாலு படி ஏறுனா நெஞ்ச அடைக்குது டாக்டரு" என்றார். சளிப் பரிசோதனையில் காசநோய்க் கிருமி இல்லை. எக்ஸ்ரேயில் இரண்டு பக்கமும் பொடிப் பொடியாகப் புள்ளிகள். சரி, நுரையீரலின் கொள்ளளவு எவ்வளவு என்று பார்த்துவிடலாம் என ஊதும் டெஸ்டுக்கு அனுப்பினேன்.

டெக்னீசியன் தம்பி ஒவ்வொன்றாகக் கேட்டு ஏற்றுகிறார். வயது. உயரம். ஆண். அப்புறம் என்னைத் திரும்பிப் பார்த்து, "ரேஸ் என்ன போடட்டும் சார்?"

ஐயா முந்திக்கொண்டார். "ரேஸா? நடக்கவே முடியலன்னுதானப்பா வந்திருக்கேன். நான் எங்கிட்டு ஓட?"

எல்லோரும் சிரித்தோம். ஆனால் தம்பி கேட்டது ஓட்டப் பந்தயத்தை அல்ல. ஐயா எந்த *இனம்* என்பதை. ஸ்க்ரீனில் ஒரு பட்டியல் விரிந்து நின்றது. காக்கேசியன், ஆப்பிரிக்கன் அமெரிக்கன், வடகிழக்கு ஆசியன், தென்கிழக்கு ஆசியன், மற்றவை.

நம்ம ஆள் இதில் எது? "மற்றவை" போடச் சொன்னேன்.

ஐயா ஊதி முடித்தார். ரிசல்ட் வந்தது. எனக்கு ஒரு குறுகுறுப்பு. "தம்பி, அந்த ரேஸை மட்டும் மாத்தி மாத்திப் போடுங்க" என்றேன். காக்கேசியன் என்று போட்டால் அவருடைய சதவீதம் இறங்குகிறது, அதாவது பாதிப்பு அதிகம். ஆப்பிரிக்கன் அமெரிக்கன் என்று போட்டால் சதவீதம் ஏறுகிறது, பாதிப்பு குறைவு. ஊதியது அதே ஐயா, அதே மூச்சு, அதே காற்று. பட்டனை மாற்றினால் நோயின் அளவு மாறுகிறது.

எம்பிபிஎஸ் படிக்கும்போது இந்த டெஸ்டைப் பற்றி எத்தனையோ தடவை தேர்வில் எழுதியிருக்கிறேன். அந்தப் பட்டன் அங்கே ஏன் இருக்கிறது என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. அன்றைக்கு ராத்திரி டூட்டி. தேட ஆரம்பித்தேன்.

முதலில் கணக்கைப் புரிந்துகொள்வோம். ரொம்ப எளிது.

உங்கள் வயதும் உயரமும் உள்ள ஆரோக்கியமான ஒருவர் 4 லிட்டர் ஊதுவார் என்று மெஷினுக்குள் ஒரு பட்டியல் சொல்கிறது. நீங்கள் 3 லிட்டர் ஊதுகிறீர்கள். 75 சதவீதம். பல காலமாக 80-க்குக் கீழே போனால் குறைபாடு என்று எடுத்துக்கொள்வது வழக்கம். ஆகவே உங்களுக்குப் பாதிப்பு இருக்கிறது.

இப்போது நீங்கள் கறுப்பினத்தவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மெஷின் என்ன செய்யும்? "இவர்களுக்கு நுரையீரல் இயல்பிலேயே 15 சதவீதம் சின்னது" என்று அந்த 4 லிட்டரை 3.4 ஆக்கிவிடும். நீங்கள் ஊதியது அதே 3 லிட்டர். இப்போது 88 சதவீதம். நார்மல். வீட்டுக்குப் போகலாம்.

அதாவது ஒரு கறுப்பினத் தொழிலாளி "நோயாளி" என்று பெயர் வாங்க, பக்கத்தில் வேலை பார்க்கும் வெள்ளைக்காரரைவிட அதிகமாக நுரையீரலை இழந்திருக்க வேண்டும்.

இந்த 15 சதவீதத்தை யார் கண்டுபிடித்தது? இங்கேதான் கதை நம்மை அமெரிக்க அடிமைத் தோட்டங்களுக்கு இழுத்துப் போகிறது.

தாமஸ் ஜெபர்சன். பள்ளிப் பாடத்தில் படித்திருப்பீர்கள். 1776-ல் "மனிதர் யாவரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள்" என்ற அமெரிக்க சுதந்திரப் பிரகடனத்தை எழுதியவர். தன் வாழ்நாளில் அறுநூறுக்கும் மேற்பட்ட மனிதர்களை அடிமைகளாக வைத்திருந்தவரும் அவரேதான். 1785-ல் அச்சான தன் வர்ஜீனியா பற்றிய நூலில், கறுப்பினத்தவருக்கும் வெள்ளையருக்கும் உள்ள வேறுபாடுகள் என்று ஒரு பட்டியல் போடுகிறார். அதில் ஒன்று, நுரையீரலின் அமைப்பே வேறாக இருக்கலாம் என்பது. அளந்து பார்த்துச் சொல்லவில்லை. ஒரு ஊகம். ஆனால் சொன்னவர் பெரிய மனிதர். பிற்பாடு அமெரிக்க ஜனாதிபதியாகவும் ஆனவர்.

அளக்க மெஷின் வர இன்னும் அறுபது வருடம் ஆனது. லண்டன் மருத்துவர் ஜான் ஹட்சின்சன் 1846-ல் தன் ஸ்பைரோமீட்டர் ஆய்வை வெளியிட்டார். தண்ணீருக்குள் கவிழ்த்து வைத்த ஒரு டிரம், கப்பி, எடைக்கற்கள். ஊதினால் டிரம் மேலே எழும்பும். அவ்வளவுதான் மெஷின். மனுஷன் அசாத்திய உழைப்பாளி. மாலுமிகள், போலீஸ்காரர்கள், தீயணைப்பு வீரர்கள், அச்சுக்கோர்ப்பவர்கள், மல்யுத்த வீரர்கள், அநாதரவாளர்கள் என்று இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை ஊதவைத்தார். உயரம் கூடக் கூட ஊதும் அளவும் கூடுகிறது என்ற விதியைக் கண்டுபிடித்தார். இன்றைக்கும் அந்த விதியின் மேல்தான் நாங்கள் நிற்கிறோம். ஆயுள் காப்பீட்டு நிறுவனத்துக்கும் மருத்துவராக இருந்தவர் என்பதால், யாருக்குப் பாலிசி கொடுக்கலாம் என்று பார்க்கவும் இது உதவும் என்றார். ஹட்சின்சன் பட்டியலில் இனம் கிடையாது. லண்டனில் தொழில் வாரியாகப் பிரித்தார். ஏழை, பணக்காரன் என்ற வேறுபாடு அவர் கண்ணில் பட்டது.

கடல் தாண்டியதும் அந்த மெஷினின் வேலை மாறிவிட்டது.

சாமுவேல் கார்ட்ரைட். அமெரிக்கத் தென்பகுதி மருத்துவர். 1851-ல் நியூ ஆர்லியன்ஸ் மருத்துவ இதழில் "நீக்ரோ இனத்தின் நோய்களும் உடல் விசித்திரங்களும்" என்ற பொருளில் ஒரு அறிக்கை எழுதுகிறார். இந்த ஆளைப் பற்றி இன்னொரு தகவல் சொன்னால் உங்களுக்குப் புரிந்துவிடும். அடிமைகள் தப்பி ஓடுவதை ஒரு *மனநோய்* என்று சொல்லி அதற்கு டிராபெட்டோமேனியா என்று கிரேக்கத்தில் பெயர் வைத்தவர் இவர்தான். அதற்கு அவர் எழுதிய வைத்தியங்களில் சாட்டையடியும் ஒன்று!

அதே கார்ட்ரைட்தான், ஸ்பைரோமீட்டரை வைத்துப் பார்த்தால் கறுப்பினத்தவரின் நுரையீரல் கொள்ளளவு வெள்ளையரைவிட 20 சதவீதம் குறைவு என்று எண் கொடுத்தார். அதோடு விட்டாரா? நுரையீரல் சிறியது, அதனால் ரத்தத்தில் பிராண வாயு குறைவு, அதனால் மூளை மந்தம், ஆகவே கட்டாயப்படுத்தி உழைக்கவைத்தால்தான் மூச்சு நன்றாக ஓடும், ரத்தம் சுத்தமாகும் என்றார். அடிமைத்தனம் அவர்கள் உடம்புக்கு நல்லது என்று ஒரு டாக்டர் எழுதுகிறார்.

வெள்ளைக் கோட்டுப் போட்டவன் ஒரு எண்ணைச் சொல்லிவிட்டால் அதற்கு ஒரு மரியாதை வந்துவிடுகிறது. என் தொழிலைப் பற்றி எனக்கே பயம் வரும் இடம் இது.

1861-ல் உள்நாட்டுப் போர் வெடித்தது. ஆயிரக்கணக்கான ராணுவ வீரர்களை நிறுத்தி அளந்தார்கள். தொகுத்தவர் பெஞ்சமின் ஆப்தார்ப் கூல்ட், அடிப்படையில் ஒரு வானியல் விஞ்ஞானி. நட்சத்திரத்தை அளந்த கை மனிதனை அளந்தது. 1869-ல் வந்த அந்தப் பெரிய புத்தகத்தில், கறுப்பின வீரர்களின் மூச்சுக் கொள்ளளவு குறைவு என்று அட்டவணை போட்டார். எண்கள் பொய்யில்லை என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் யாரை அளந்தார்கள்? அவர்களில் ஏராளமானோர் முந்தாநாள்வரை அடிமைகள். குழந்தையிலிருந்து அரை வயிறு, தோட்ட வேலை, குடிசைப் புகை. அட்டவணையில் இதற்கெல்லாம் கட்டம் இல்லை. தோல் நிறத்துக்கு மட்டும் கட்டம் இருந்தது.

அந்த அட்டவணையைத் தூக்கிக்கொண்டு வந்தவர் பிரெடரிக் ஹாப்மன். புருடென்ஷியல் காப்பீட்டு நிறுவனத்தின் புள்ளிவிவர நிபுணர். 1896-ல் அவர் எழுதிய புத்தகத்தின் சாரம்: கறுப்பினத்தவர் அதிகம் சாவது வறுமையால் அல்ல, அது அவர்களின் இனக்கூறு, அந்த இனமே மெல்ல அழிந்துவிடும். அப்படியானால் அவர்களுக்குக் காப்பீடு கொடுப்பது நட்டம்தானே? வியாபாரத்துக்கு என்ன முடிவு தேவையோ அதே முடிவுக்கு விஞ்ஞானமும் வந்து சேர்ந்தது.

அப்போதே மறுத்தவர்கள் இருந்தார்கள் என்பதைச் சொல்லியாக வேண்டும். "அந்தக் காலத்தில் எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள்" என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். இல்லை. ஹோவர்ட் பல்கலைக்கழகத்தின் கெல்லி மில்லர் என்ற கறுப்பினக் கணித ஆசிரியர் மறுவருடமே ஹாப்மனின் புள்ளிவிவரத்தைப் பிரித்து மேய்ந்தார். அதே 1897-ல் டுபாய்ஸும் விமர்சனம் எழுதினார். ஐரோப்பிய நகரங்களில் வெள்ளையர்களும்தான் இப்படிக் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள், அதை இனக்கூறு என்றா சொன்னீர்கள் என்பது அவர் வாதம். 1906-ல் அட்லாண்டாவிலிருந்து கறுப்பின அமெரிக்கர்களின் உடல்நலம் பற்றித் தனி ஆய்வு நூலே கொண்டுவந்தார். வீடு, சாப்பாடு, கூலி, காற்று ஆகியவற்றைப் பாருங்கள் என்றார்.

பதில் அப்போதே கையில் இருந்தது. எடுத்துக்கொள்ளத்தான் ஆள் இல்லை.

இருபதாம் நூற்றாண்டில் "அடிமை", "இழிந்த இனம்" போன்ற வார்த்தைகள் எல்லாம் மருத்துவ இதழ்களிலிருந்து காணாமல் போயின. எண் மட்டும் தங்கிவிட்டது. ஆய்வுக்குப் பின் ஆய்வு, முந்தைய ஆய்வை மேற்கோள் காட்டி, "10 முதல் 15 சதவீதம் குறைவு" என்று எழுதிக்கொண்டே போனது. இதற்கு "இனத் திருத்தம்" என்று கௌரவமான பெயரும் கிடைத்தது. ஆசியர்களுக்கு 4 முதல் 6 சதவீதம் கழிவு. நாமும் லிஸ்டில் உண்டு.

இப்போது நம்ம ஊர்க்காரர்களுக்குச் சட்டென்று புரியும் ஒரு இடம். பஞ்சாலை.

பஞ்சுத் தூசு நுரையீரலைக் கெடுக்கும். பிசினோசிஸ் என்று பெயர். வார விடுமுறை முடிந்து திங்கட்கிழமை வேலைக்குள் நுழைந்ததும் நெஞ்சு இறுகும். கோவை, ராஜபாளையம் பக்கம் மில் வேலை பார்த்த பெரியவர்களைக் கேளுங்கள், தெரியும். அமெரிக்கத் தென்பகுதி மில்களில் 1964-ன் சிவில் உரிமைச் சட்டத்துக்குப் பிறகுதான் கறுப்பினத்தவருக்குக் கதவு கொஞ்சம் திறந்தது. கிடைத்த வேலைகளோ பெரும்பாலும் பேல் உடைக்கும் இடம், கார்டிங் போன்ற, தூசு மண்டிய பகுதிகளில்.

தொழிலாளர்கள் போராடி, 1978-ல் அமெரிக்க அரசு பஞ்சுத் தூசுக்கு ஒரு பாதுகாப்பு விதி கொண்டுவந்தது. நல்ல விதி. தொழிலாளர்களுக்கு அவ்வப்போது ஊதும் டெஸ்ட் கட்டாயம். ஆனால் அந்த விதிக்குள்ளேயே ஒரு வரி இருந்தது. கறுப்பினத்தவர் என்றால் எதிர்பார்க்கும் அளவை 0.85-ஆல் பெருக்கிக்கொள்ளவும்.

யோசித்துப் பாருங்கள். அதிகத் தூசில் நிற்கவைத்தது அவர்களை. நுரையீரல் 15 சதவீதம் போகும்வரை "உனக்கு ஒன்றும் இல்லை" என்று சொன்னதும் அவர்களிடம். அதைச் சொன்னவர்கள் கெட்டவர்கள்கூட இல்லை. தொழிலாளியைக் காப்பாற்ற வந்த சட்டம் அது!

டஸ்கிகீ பற்றிப் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். சிபிலிஸ் இருந்த சுமார் 400 கறுப்பின ஆண்களுக்கு, பெனிசிலின் வந்த பிறகும் வைத்தியம் கொடுக்காமல் 1932 முதல் 1972 வரை வேடிக்கை பார்த்த கொடுமை. அந்தக் கதையைக் கேட்டால் யாருக்கும் கோபம் வரும், ஏனென்றால் குற்றவாளி கண்ணுக்குத் தெரிகிறார். ஸ்பைரோமீட்டர் கதையில் யாரைத் திட்டுவது? கார்ட்ரைட் செத்து நூறு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. கணினி மெஷின் வந்ததும் பெருக்கல் கணக்கும் உள்ளே போய்விட்டது. டெக்னீசியன் ஒரு பட்டனை அழுத்துகிறார். டாக்டர் ஒரு சதவீதத்தைப் படிக்கிறார். நடுவில் என்ன நடந்தது என்று இரண்டு பேருக்கும் தெரியாது.

தெரிந்தவர்கள் இருந்தார்கள். 1999-ல் பால்டிமோரில் அஸ்பெஸ்டாஸ் வழக்கு. ஓவன்ஸ் கார்னிங் நிறுவனத்தின் மீது ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் நஷ்டஈடு கேட்டு நிற்கிறார்கள். நிறுவனத்தின் தரப்பு கோர்ட்டில் என்ன கேட்டது தெரியுமா? கறுப்பினத் தொழிலாளர்கள் நஷ்டஈடு வாங்க, வெள்ளையர்களைவிட மோசமான ரிசல்ட் காட்ட வேண்டும் என்று. மருத்துவப் புத்தகத்திலேயே இருக்கிறதே! நீதிபதி ஏற்கவில்லை. இந்தச் செய்தியிலிருந்து கிளம்பித்தான் லண்டி பிரவுன் என்ற பேராசிரியை பல வருடம் ஆவணங்களைத் தோண்டி, 2014-ல் இந்த மெஷினின் இன வரலாற்றை முழுப் புத்தகமாக எழுதினார். நான் மேலே சொன்னதில் பெரும்பகுதி அவர் போட்ட பாதை.

இந்த இடத்தில் சிலர் கேட்பீர்கள். "டாக்டர், அளந்து பார்த்தால் வித்தியாசம் *வருகிறதே*? இல்லாததையா சொல்கிறார்கள்?"

நியாயமான கேள்வி. வித்தியாசம் வருகிறது. அதில் ஒரு பகுதி உடல் வாகு. ஒரே உயரமுள்ள இரண்டு பேரில் ஒருவருக்குக் கால் நீளம், மற்றவருக்கு உடம்பு நீளம் என்றால் நெஞ்சுக்கூட்டின் அளவு மாறும். ஆனால் மீதி?

நுரையீரல் பிறக்கும்போதே முழுசாக வளர்ந்து வருவதில்லை. இருபது வயது தாண்டியும் வளர்கிறது. அம்மா கர்ப்பத்தில் என்ன சாப்பிட்டாள், குழந்தை எத்தனை கிலோவில் பிறந்தது, வீட்டில் விறகடுப்பா கேஸா, வீட்டுக்குப் பக்கத்தில் ஹைவேயா வயலா, சின்ன வயதில் எத்தனை தடவை நிமோனியா வந்தது என எல்லாம் அந்தக் கொள்ளளவில் எழுதப்பட்டிருக்கும். 17 நாடுகளில் நடந்த 'ப்யூர்' என்ற பெரிய ஆய்வு 2013-ல் வெளியானது. புகைபிடிக்காத ஆரோக்கியமானவர்களை மட்டும் எடுத்துப் பார்த்தும், தெற்காசியர்கள் முதல் நொடியில் ஊதும் அளவு வட அமெரிக்கர், ஐரோப்பியரைவிட சுமார் 31 சதவீதம் குறைவாக இருந்தது.

31 சதவீதம்! இதில் எவ்வளவு பரம்பரை, எவ்வளவு விறகடுப்பு? பிரித்துச் சொல்ல இனம் என்ற பட்டனால் முடியாது. அது எல்லாவற்றையும் மொத்தமாக அள்ளி "இவர்களுக்கு இது நார்மல்" என்று ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறது. புகை செய்த சேதமும் அந்த மூட்டைக்குள் போய்விடும். அப்புறம் அதை யாரும் தேட மாட்டார்கள்.

சிறுநீரகத்திலும் இதே கூத்து நடந்தது, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ரத்தத்தில் கிரியாட்டினின் பார்த்து கிட்னி எத்தனை வேலை செய்கிறது என்று ஒரு எண் போடுவோம். 1999-ல் வந்த சூத்திரத்தில், ஆள் கறுப்பினத்தவர் என்றால் விடையை சுமார் 1.2-ஆல் பெருக்க வேண்டும். காரணம், அவர்களுக்குத் தசை அதிகம் என்ற அனுமானம். பெருக்காமல் 17 வரும் ஒருவருக்கு இப்போது 20-க்கு மேல் வந்துவிடும். அமெரிக்காவில் கிட்னி மாற்று அறுவைக்கான காத்திருப்புக் கணக்கு 20 அல்லது அதற்குக் கீழே போனால்தான் ஓட ஆரம்பிக்கும். ஒரு பெருக்கல், பல வருடக் காத்திருப்பு.

2020-ல் ஜார்ஜ் ஃப்ளாய்ட் கொலைக்குப் பிறகு அமெரிக்காவே கொதித்த நேரத்தில், மருத்துவ மாணவர்களும் இளம் டாக்டர்களும் தங்கள் பாடப் புத்தகத்தையே கேள்வி கேட்டார்கள். இதயம், பிரசவம், கிட்னி, நுரையீரல் என்று எந்தெந்தச் சூத்திரத்தில் எல்லாம் இனம் ஒளிந்திருக்கிறது என்று வியாஸ் என்ற இளம் மருத்துவரும் இருவரும் சேர்ந்து அந்த வருடம் ஒரு பட்டியலே போட்டார்கள். அடுத்த வருடம் கிட்னி சூத்திரத்திலிருந்து இனம் நீக்கப்பட்டது. 2023-லிருந்து, பழைய சூத்திரத்தால் காலம் இழந்த கறுப்பின நோயாளிகளுக்கு அந்தக் காத்திருப்பு நாட்களைத் திருப்பிக் கொடுக்க ஆரம்பித்தார்கள். 14,000-க்கும் மேற்பட்டோருக்கு இப்படிக் கிடைத்திருக்கிறது. தப்பை ஒத்துக்கொண்டதோடு நிறுத்தாமல் நாளைக் கணக்குப் போட்டுத் திருப்பிக் கொடுத்தது எனக்குப் பிடித்தது. காத்திருந்தபோதே இறந்தவர்களுக்கு யார் கொடுப்பது என்பது வேறு விஷயம்.

நுரையீரலுக்கு வருவோம். 2023-ல் அமெரிக்க நெஞ்சக மருத்துவச் சங்கம், இனி இனம் பார்க்காத பொதுப் பட்டியலைப் பயன்படுத்துங்கள் என்று அறிவித்தது. கார்ட்ரைட் எழுதி 172 வருடம்.

முடிந்ததா? இல்லை. இதில் ஒரு சிக்கல் இருக்கிறது, மறைக்க மாட்டேன். பொதுப் பட்டியலில் பார்த்தால் கறுப்பினத்தவரின் சதவீதம் இறங்கும். நஷ்டஈடும் ஊனமுற்றோர் உதவித்தொகையும் கேட்பவருக்கு அது நல்லது. ஆனால் நுரையீரல் புற்றுநோய்க்கு ஆபரேஷன் செய்யலாமா என்று முடிவெடுக்கும்போது, "நுரையீரல் வலு போதாது" என்று சர்ஜன் பின்வாங்கவும் அதே சதவீதம் காரணமாகலாம். தீயணைப்புத் துறை வேலைக்கு மூச்சு டெஸ்ட் வைத்தால், அங்கே கழித்துக் கட்டவும் ஆகலாம். என் அபிப்பிராயம்: பட்டனை எடுத்தது சரி. எந்தப் பட்டியல் போட்டாலும், அந்த ஒற்றைச் சதவீதத்தை வைத்து மனிதனின் தலையெழுத்தை முடிவு செய்யும் சோம்பேறித்தனத்தை எந்தச் சங்கமும் அறிவிப்பு போட்டு எடுக்க முடியாது.

இதற்கு நேர் எதிரான ஒரு தப்பும் இருக்கிறது, அது உங்கள் வீட்டு அலமாரியிலேயே இருக்கலாம். கொரோனா நேரத்தில் வாங்கிய பல்ஸ் ஆக்சிமீட்டர். விரல் வழியாக ஒளியைப் பாய்ச்சிப் பிராண வாயுவைக் கணக்கிடுவது. கறுத்த தோலில் இது உண்மையைவிட அதிகமாகக் காட்டக்கூடும் என்று 1990-லேயே ஆய்வு வந்துவிட்டது. யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 2020 டிசம்பரில் மிச்சிகன் டாக்டர்கள் மறுபடி பார்த்தார்கள். மெஷின் 92 முதல் 96 வரை காட்டியபோது, ரத்தத்தில் உண்மையான அளவு 88-க்குக் கீழே கிடந்தவர்கள் வெள்ளையரில் 3.6 சதவீதம், கறுப்பினத்தவரில் 11.7 சதவீதம்.

தோலின் நிறத்தைக் கவனித்தே ஆக வேண்டிய மெஷின் கவனிக்கவில்லை. கவனிக்கத் தேவையில்லாத மெஷினில் அதற்கென்று பட்டனே வைத்தார்கள்.

இரண்டாவது அலையில் வராந்தாவில் வரிசையாகப் பாய் போட்டுப் படுத்திருந்தவர்களின் விரலில் இந்த மெஷினை மாட்டி மாட்டித்தான் யாருக்கு முதலில் ஆக்சிஜன் என்று முடிவு செய்தேன். 94 காட்டியவர்களை "உங்களுக்குப் பரவாயில்லைம்மா, கொஞ்சம் பொறுங்க" என்று சொல்லிவிட்டு 86 காட்டியவரிடம் ஓடினேன். அந்த 94-களில் எத்தனை உண்மையான 94 என்று எனக்குத் தெரியாது. நம் தோலின் நிறத்தைச் சொல்ல வேண்டியதில்லை.

சரி, நம்ம ஊரில் அந்த ஊதும் மெஷினை என்ன செய்வது?

2012-ல் வந்து உலகம் முழுக்கப் பரவிய பட்டியலில் இந்தியத் துணைக்கண்டத்துக்குத் தனிப் பெட்டி கிடையாது. நூற்று நாற்பது கோடிப் பேர் "மற்றவை". நம் ஆட்களை வைத்து நாமே பட்டியல் போட முயற்சிகள் நடந்திருக்கின்றன. சென்னை காசநோய் ஆராய்ச்சி மையத்தினர், மெட்ராஸில் உள்ள ஆரோக்கியமான இளைஞர்களை ஊதவைத்து 1990-ல் ஆய்வு வெளியிட்டார்கள். தேவையான வேலை. ஆனால் டுபாய்ஸ் கேட்ட கேள்வி இங்கேயும் துரத்தும். விறகுப் புகையிலும் கிரஷர் தூசிலும் வளர்ந்த ஊரில் போய் "ஆரோக்கியமான சராசரி" எடுத்தால், அது ஆரோக்கியத்தின் அளவா, பழகிப்போன சேதத்தின் அளவா?

பொதுமக்களுக்கு நடைமுறையாகச் சில விஷயம் மட்டும்.

நீங்களோ வீட்டிலுள்ளவர்களோ இந்த ஊதும் டெஸ்ட் எடுத்தால், ரிப்போர்ட்டைத் தூக்கிப் போடாதீர்கள். பிளாஸ்டிக் கவரில் போட்டுப் பத்திரமாக வையுங்கள். மேலே சின்ன எழுத்தில் எந்தப் பட்டியல், எந்த இனம் என்று போட்டிருக்கும், பாருங்கள். அடுத்த தடவை வேறு இடத்தில் எடுத்தால் பழைய ரிப்போர்ட்டையும் கொண்டுபோங்கள். சதவீதத்தைவிட *லிட்டர்* கணக்கை ஒப்பிடுவதுதான் உபயோகம். போன வருஷம் நீங்கள் ஊதியதற்கும் இந்த வருஷம் ஊதியதற்கும் எந்த இனமும் குறுக்கே வராது. குவாரி, கிரஷர், மில், கட்டிங் மெஷின், வெல்டிங் வேலையில் இருப்பவர்கள், வேலைக்குச் சேரும்போதே ஒரு தடவை ஊதி வைத்துக்கொண்டால் பிற்காலத்தில் அதைவிடப் பெரிய சாட்சி இல்லை.

ஆக்சிமீட்டர் 95 காட்டினாலும், மூச்சு வாங்குகிறது, பேச முடியவில்லை என்றால் மெஷினை நம்பி வீட்டில் உட்காராதீர்கள். கிளம்பி வாருங்கள்.

குவாரி ஐயா எட்டு மாதம் கழித்து மறுபடி வந்தார். இந்த முறை மகனைக் கூட்டிக்கொண்டு. முதல் தடவை 2.1 லிட்டர் ஊதியவர் இப்போது 1.9 லிட்டர். வேலையால் வந்த நோய்தான் என்று டாக்டர் சர்டிபிகேட் வேண்டும், நஷ்டஈட்டுக்கு எழுதிப்போட வேண்டும் என்று மகன் கேட்டார். எழுத உட்கார்ந்தேன். நுரையீரல் பாதிப்பு எத்தனை சதவீதம் என்று குறிப்பிட்டாக வேண்டும்.

இரண்டு ரிப்போர்ட்டின் லிட்டர் கணக்கையும் தேதியோடு எழுதினேன். முப்பது வருடக் குவாரி வேலையை எழுதினேன். எக்ஸ்ரேயில் கண்டதை எழுதினேன். சதவீதத்தைப் போட்டு, எந்தப் பட்டியலைப் பார்த்து அதைப் போட்டேன் என்பதையும் அதே வரியில் எழுதி, கையெழுத்துப் போட்டு, சீல் வைத்துக் கொடுத்தேன்.